வெடி ஒயர் மயில்

டீச்சரம்மா காலமாகிவிட்டதாகப் போன மாதம் கேள்விப்பட்டேன். எண்பதைத் தாண்டி, பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் போனாராம். நல்ல சாவு. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற கை இது, இந்தக் கையால் யாரையும் சபித்து எழுத மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் ஏழாவது வரை படித்தவள், எனக்குத் தெரிந்த அளவில் அதை எழுதிவைக்கிறேன். படித்துவிட்டு யாருக்குக் கோபம் வருகிறதோ வரட்டும். எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்போது நான் நாலாவது. தங்கச் சுரங்கத்து ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் மூங்கில் தட்டி கட்டி மறைத்த ஒரு பொட்டு இடம். நானும் தம்பியும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. பாறையில் துளை போட்டு மருந்து வைத்து வெடிக்கிற கூட்டத்தில் இருந்தார். கேஜ் என்கிற கூண்டில் ஏறிக் கீழே இறங்கினால் ஷிப்ட் முடிந்துதான் வெளிச்சம் பார்ப்பார். பதினைந்து வருஷமாகக் கல்தூள் நெஞ்சில் இறங்கி இறங்கி, மாடிப்படி இல்லாத ஊரிலேயே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து வீடு வரைக்கும் நடப்பதற்குள் ரெண்டு தடவை நிற்பார். நிற்பது தெரியாமலிருக்க யாரோடாவது பேசுவதுபோல் நிற்பார்.

டாக்டர் போர்டில் இவர் பெயர் வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். போர்டு உட்கார்ந்து, நெஞ்சைப் படம் பிடித்து, கெட்டுவிட்டது என்று எழுதிக்கொடுத்தால் மேலேயே லேசான வேலையும் நஷ்டஈடும் கிடைக்கும். அதுவரைக்கும் ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது. திருட்டு என்று ஒரு சொல் பதிவாகிவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் லைன் வீட்டைக் காலி பண்ணவேண்டும். போர்டும் கிடையாது. அம்மாவுக்கு இது மூன்றும் நன்றாகத் தெரியும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவள் செய்ததைப் படிக்கிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

வெள்ளைக்காரன் கம்பெனி போய் மைன்ஸ் சர்க்கார் கைக்கு வந்த பிறகு, தொழிலாளி குடும்பங்களுக்கு நல்லது செய்யவேண்டும் என்று லைனுக்கு நடுவில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் சென்டர் திறந்திருந்தார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள். பவுடரை வெந்நீரில் கரைத்து அண்டாவில் கலக்குவார்கள். கட்டி கட்டியாகத்தான் இருக்கும், இருந்தாலும் டம்ளரோடு வரிசையில் நிற்போம். வாரத்தில் ஒரு நாள் கைக்குழந்தைகளைத் தராசில் படுக்கவைத்து எடை பார்ப்பார்கள். நர்ஸம்மா வந்து புண்ணுக்கும் கண்ணுக்கும் மருந்து போடுவார். மத்தியானம் பொம்பளைகளுக்குக் கைவேலை கிளாஸ்.

இந்த எல்லாவற்றையும் நடத்தியவர்தான் டீச்சரம்மா. பெங்களூரில் படித்தவர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும். அவர் நல்லதும் செய்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதினதாகிவிடும். பின் லைனில் ஒரு குழந்தைக்கு வாந்தியும் பேதியும் ஆனபோது, ஆம்புலன்சுக்குக் காத்திராமல் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் அம்மா அவரை அவ்வளவு நம்பினாள். கெட்டவர் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த வயதில் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த வருஷம் ஒயர் கூடை பின்னுவது புதிதாக வந்திருந்தது. நன்றாகப் பின்னுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கேன்டீனுக்கும் கூடை பின்னிக் கொடுக்கிற வேலை நிரந்தரமாகக் கிடைக்கும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். நைனாவின் நெஞ்சு இருந்த இருப்பில், தன் கையில் ஒரு தொழில் வேண்டும் என்று அம்மா அந்த கிளாசில் போய் உட்கார்ந்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். ஆனால் பிளாஸ்டிக் ஒயர் அவரவர்தான் வாங்கிவரவேண்டும். சென்டரில் பழகுவதற்கென்று ரெண்டே ரெண்டு கட்டுதான் உண்டு. அம்மா ஒரு முழுக் கூடை பின்னுவாள், டீச்சரம்மா பார்த்துத் தலையாட்டுவார், உடனே அதைப் பிரித்து அடுத்தவளிடம் கொடுக்கவேண்டும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. பிரித்துப் பிரித்து அந்த ஒயர் நூடுல்ஸ் மாதிரி சுருண்டுபோய்விட்டது.

ஒருநாள் அம்மா நைனாவிடம் கேட்டாள்.

"இன்னாங்க, வெடி ஒயரு கெடைக்குமா?"

"அதுக்கா பஞ்சம்? கீழ காலுல மாட்டுது" என்றார் நைனா.

வெடிமருந்தைப் பற்றவைப்பதற்கு மின்சாரம் போகிற மெல்லிய ஒயர் அது. வெடித்து முடிந்தபிறகு கல்லும் தூளுமாகக் கிடக்கிற இடத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்குமாம். அதற்குப் பிறகு அது யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனால் கீழே போனவன் தன் உடம்பையும் சோற்றுத் தூக்கையும் தவிர எதையும் மேலே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். கேஜ் ஏறி இறங்குகிற ஷாப்ட் வாசலில் சோதனை உண்டு. தங்கக்கல் ஒளித்திருக்கிறானா என்று வாயைத் திறக்கச் சொல்லுவார்கள், தலைமுடியைக் கோதிப் பார்ப்பார்கள், தூக்கைத் திறந்து கவிழ்ப்பார்கள். உள்ளே ஒயர் சுருள் இருந்தால் சோதனைக்காரரே சிரித்து, "வூட்டுக்காரிக்குக் கொடி கட்டவா? போ போ" என்று விட்டுவிடுவார். எங்கள் லைனில் வெடி ஒயர் இல்லாத வீடு கிடையாது. துணி காயப்போடுகிற கொடி அதுதான், தட்டியைக் கம்பத்தோடு கட்டியிருப்பது அதுதான், சின்னப் பிள்ளைகளின் கை வளையல் அதுதான். அது குற்றம் என்று அங்கே யாருக்கும் தோன்றினதே இல்லை.

நைனா தினமும் தூக்கின் அடியில் சுருட்டிக் கொண்டுவந்தார். "இந்தாமே, உன் சரக்கு" என்று அம்மா மடியில் போடுவார். ஒரு முழத் துண்டு, அரை முழத் துண்டு. அம்மா அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று மூன்றாகச் சேர்த்து ஜடை மாதிரிப் பின்னி, ஒட்டுகிற இடம் வெளியே தெரியாமல் முடிச்சை உள்பக்கமாகத் தள்ளி நீளமாக்குவாள். உள்ளே கம்பி இருப்பதால் வளைத்தால் வளைந்தபடி நின்றது. கடை ஒயரில் பின்னின கூடை தொய்ந்து உட்காரும். அம்மாவுடையது சட்டி மாதிரி விறைப்பாக நின்றது. அதன் முன்பக்கத்தில் நீலமும் பச்சையும் வைத்துத் தோகை விரித்த மயில் ஒன்றைக் கொண்டுவந்தாள். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. நைனா குழந்தையாய் இருந்தபோது திருத்தணிக்கு நேர்ந்துகொண்ட மொட்டை இன்னும் பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் முருகனுக்கு இது இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே பின்னினாள்.

கிளாசுக்கு அதைக் கொண்டுபோன அன்றைக்கு நான் பக்கத்திலேயே இருந்தேன். நான் கேட்டதைத்தான் எழுதுகிறேன், யாரோ சொன்னது இல்லை.

"இது எங்கேம்மா வாங்கின ஒயர்? ராபர்ட்சன்பேட்டை கடையிலயா?"

"வாங்கறதா, டீச்சரம்மா? வெடி ஒயரு. அவரு கீழ இருந்து கொண்டாந்தாரு."

டீச்சரம்மா கூடையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அய்யோ, எவ்வளவு சென்னாகி, எவ்வளவு அழகா இருக்கு! கழுத்துல மட்டும் சிவப்பு கம்மியா இருக்கு. இன்னும் கொஞ்சம் சிவப்பு கொண்டுவரச் சொல்லுங்க" என்றார்.

அதோடு விட்டாரா? மற்றப் பதினோரு பேரையும் பார்த்து, "பாருங்க, காசு இல்லை காசு இல்லைன்னு சொல்றீங்களே, கையிலேயே வச்சுக்கிட்டு" என்றார்.

எங்கள் அடுத்த வீட்டு அக்கா வாயாடி. "எங்கூட்டு ஆளு கீழ இருந்து இருமல தவிர ஒண்ணும் கொண்டாரமாட்டேன்றான், டீச்சரம்மா. நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, நாலு கலர்ல கொண்டாருவான்" என்றாள். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. டீச்சரம்மாவும்தான் சிரித்தார். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேர் கையிலும் வெடி ஒயர். யாருக்காவது குறைந்தால் அம்மா தன் சுருளிலிருந்து பிரித்துக் கொடுத்தாள். சென்டர் ஜன்னல் திரையைக்கூட அந்த ஒயரில்தான் கோத்து மாட்டினார்கள்.

பிறகு கிளப் ஹாலில் கண்காட்சி வைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், தையல் வேலை ஒரு பக்கம், சாக்கில் செய்த மிதியடி ஒரு பக்கம், நடுவில் கூடைகள். அம்மாவின் மயில் கூடையை எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு பலகை போட்டு உயரத்தில் வைத்திருந்தார் டீச்சரம்மா. அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். ஆபீசர்கள் மனைவிமாரோடு வந்தார்கள். ஒரு பெரிய ஆபீசரின் மனைவி மயிலைத் தொட்டுப் பார்த்து, "யார் செய்தது?" என்று கேட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவுக்கு அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை, நீட்டினபடியே நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கூடப் படிக்கிறவர்களைத் தேடித் தேடி, "எங்கம்மா கூடைதான் நடுவுல கீது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர்களோடு மைன்ஸ் காவல் இலாகாவுக்குப் புதிதாக வந்த ஆபீசர் ஒருவரும் இருந்தார். மீசையை எண்ணெய் போட்டு முறுக்கிவிட்டவர். எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். அவர் கூடையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு நுனியை நகத்தால் கீறினார். உள்ளே கம்பி மினுங்கியது.

"மேடம், இந்த ஒயர் எந்தக் கடையில விக்கிறாங்க?"

டீச்சரம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "தெரியாது சார். அவங்க வீட்டிலிருந்து கொண்டுவந்தாங்க. நான் முடிச்சு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

முடிச்சு மட்டும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு கம்மியாக இருக்கிறது என்று சொன்ன வாய் அது.

ரெண்டு நாள் கழித்து சென்டரில் விசாரணை. பன்னிரண்டு பேரையும் பாயில் உட்காரவைத்து, அந்த ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட ஒரு எழுத்தர். டீச்சரம்மா பக்கத்தில் நின்றார். பால் வாங்க வந்த பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள். நான் போகவில்லை, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆபீசரின் தலைக்கு நேர் மேலே ஜன்னல் திரை அதே வெடி ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருதரம் நிமிர்ந்திருந்தால் போதும். நிமிரவில்லை.

"யார் யார் புருஷன் மேலே கொண்டுவந்தான்? நீங்களே சொன்னா நல்லது. இல்லைன்னா ஷாப்ட் வாசலில் ஒவ்வொரு தூக்கையும் நான் திறப்பேன். இந்தப் பன்னிரண்டு வீட்டையும் சோதனை போடுவேன்."

வாயாடி அக்கா பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா பேசுவார் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் எழுத்தரின் நோட்டைப் பார்த்தார்.

அம்மாதான் எழுந்தாள்.

"யாரு ஊட்டுக்காரரும் கொண்டாரல, சார். கல்லு கொட்டற மேட்டுல கெடக்குது. நான்தான் பொறுக்கினு வந்தேன். இவங்களுக்கும் நான்தான் குடுத்தேன்."

"மேட்டுல கிடக்கிற ஒயர் இப்படிப் பளபளன்னு இருக்குமா?"

"கழுவினா பளபளன்னுதான் இருக்கும், சார்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆபீசருக்கு முகம் சிவந்தது. அப்போதுதான் டீச்சரம்மா வாயைத் திறந்தார்.

"சார், இவங்க ரொம்ப பக்தி. மாரியம்மன் மேல சத்தியம்னா உயிர் போனாலும் பொய் சொல்லமாட்டாங்க. வேணும்னா சத்தியம் பண்ணச் சொல்லிப் பாருங்க."

அம்மாவைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பிற்காலத்தில் ஒருத்தி என்னிடம் வாதாடினாள். சத்தியம் பண்ணினால் கேஸ் அதோடு முடியும் என்று அவர் நினைத்திருக்கலாமாம். அப்படியே இருக்கட்டும். "எனக்குத் தெரியும் சார், நான்தான் கொண்டுவரச் சொன்னேன், கழிவு ஒயர்தானே என்று நினைத்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு என்ன போயிருக்கும்? மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். அதைக்கூடத் தாங்க முடியாமல், அம்மாவிடம் இருந்தவற்றிலேயே பெரியது எதுவோ அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது பொய்ச் சத்தியமாகத்தான் இருக்கும் என்று அந்த அறையில் மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆபீசர் என்னைக் காட்டினார். "இது உன் பிள்ளையா? இது தலைமேல கை வச்சு சொல்லு."

அம்மா சட்டென்று என்னைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். நான் அடுத்தவள் மடியில் போய் விழுந்தேன்.

"புள்ள வாணாம், சார். அது சின்னது. கற்பூரம் கொண்டாரச் சொல்லுங்க."

அந்தத் தள்ளிலேயே ஆபீசருக்கு உண்மை தெரிந்திருக்கும். அவரும் பிள்ளை பெற்றவராகத்தான் இருப்பார். அவருக்குத் தெரியும், டீச்சரம்மாவுக்குத் தெரியும், பாயில் இருந்த பதினோரு பேருக்கும் தெரியும், எனக்குத் தெரியும். அத்தனை பேரும் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நோட்டில் எழுத ஒரு வரி தேவைப்பட்டது.

சென்டரில் ஒரு அலமாரித் தட்டில் சாமி படம் உண்டு. அதற்குப் பக்கத்திலிருந்து கற்பூர டப்பாவையும் தீப்பெட்டியையும் டீச்சரம்மா தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். பால் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கற்பூரத்தையே பார்த்தாள். பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. அணைந்துவிடுமோ என்று நான் நினைத்தேன், அணைந்துவிடவேண்டும் என்றும் நினைத்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு கீழ இருந்து ஒரு துண்டு ஒயரு கொண்டாரல. இவங்க ஊட்டு ஆளுங்களும் கொண்டாரல. மாரியாத்தா மேல சத்தியம். பொய்யின்னா ஆத்தா என்ன கேக்கட்டும். என்ன மட்டும் கேக்கட்டும்."

சொல்லிவிட்டு எரிகிற கற்பூரத்தை வலது கையால் அடித்து அணைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

எழுத்தர் எழுதினார். அம்மா தான் புதிதாகக் கற்றுக்கொண்ட கையெழுத்தை அதன் கீழே போட்டாள். கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர், போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

கூடைகளை எல்லாம் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கைவேலை கிளாஸ் நின்றது. பால் மட்டும் தொடர்ந்தது. கொஞ்ச நாளில் டீச்சரம்மா நல்ல பெயரோடு வேறு பெரிய சென்டருக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது எங்கள் வீட்டு வழியாகத்தான் ஜீப் போனது, நிற்கவில்லை. நைனாவுக்கு போர்டு நடந்தது. மேலே லாம்ப் ரூமில் விளக்குத் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம், வெளிச்சத்தில், எங்களோடு இருந்தார். அந்த நாலு வருஷமும் அம்மாவின் அந்தக் கை வாங்கிக் கொடுத்தது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு நான் செய்ததைச் செய்திருக்கமாட்டேன்.

அன்றைக்கு நைனா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சேதி அவருக்கு ஷாப்ட் வாசலுக்கே போய்விட்டிருந்தது. வந்து உட்கார்ந்தவர் சோறு கேட்கவில்லை. வாயாடி அக்கா கொண்டுவந்து தடவின வெண்ணெயோடு அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கும்மே சத்தியம் பண்ண? நானே போயி ஒத்துக்கினு இருப்பேனே."

"ஒத்துக்கினு? போர்டுக்கு முன்னாடியேவா? ஊட்ட காலி பண்ணிக்கினு பூதிகோட்டைக்குப் போயி எங்கண்ணன் ஊட்டு மாட்டுக் கொட்டாயில படுப்பமா? இந்த மூச்ச வச்சிக்கினு ஏர் ஓட்டுவியா நீ?"

நைனா இருமினார். அதற்குள் நான் கத்திவிட்டேன்.

"நீ பொய் சொன்ன! சாமி மேல பொய் சத்தியம் பண்ண!"

அதற்கு முந்தின வருஷம் ஒரு பல்பம் விஷயத்தில் "சாமி சத்தியமா நான் எடுக்கல" என்று நான் புளுகினதற்கு இதே அம்மா என் வாயில் மிளகாய் தேய்த்தவள். சாமி பெயர் விளையாட்டுச் சாமான் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அம்மா இப்போது என்னை அடிப்பாள் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடித்திருந்தால் எனக்குச் சமாதானமாகியிருக்கும்.

நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் கையால் போட்ட சோற்றைத் தின்றேன், அவள் பின்னிவிட்ட சடையோடு பள்ளிக்கூடம் போனேன், பேச்சு மட்டும் இல்லை. தண்டனை வரும் என்று காத்திருந்தேன். தம்பிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. சத்தியம் பலிக்கிறது என்று நடுங்கினேன். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. நைனா இருமினால் ஓடிவந்து பார்ப்பேன். இப்படியே வெள்ளிக்கிழமை வந்தது.

லைன் முடிகிற இடத்தில் மாரியம்மன் கோயில். அம்மா எனக்கு நினைவு தெரிந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகாமல் இருந்ததில்லை. அன்றைக்கும் தலைக்குக் குளித்தாள், தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், பூ எல்லாம் எடுத்துவைத்தாள். என்னையும் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கையோடு தட்டைத் தூக்கமுடியவில்லை என்பதால்தான் நானும் போனேன்.

கோயில் வாசலுக்குப் பத்தடி தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே அவள் நின்றுவிட்டாள்.

"நீ உள்ள போயி குடுத்துட்டு வா."

"நீ?" பேசக் கூடாது என்று இருந்தும் வாயில் வந்துவிட்டது.

"நான் இங்கியே நிக்கறேன்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பொய் சொன்னவளுக்குச் சாமி முன்னால் நிற்கப் பயம். எனக்கு இன்னும் கோபம் ஏறியது. பாவத்தைச் செய்துவிட்டு, பூவையும் பழத்தையும் மட்டும் என் கையில் கொடுத்து அனுப்புகிறாளே என்று தோன்றியது. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. அவள் சாகும்வரைக்கும் எந்த அம்மன் கோயிலிலும் வாசற்படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் சாமி கும்பிடப் போனபோதும் வெளியேதான் நின்றாள். கேட்டவர்களிடம் காலில் வலி என்றாள்.

உள்ளே பூசாரி கற்பூரம் காட்டினார். "இன்னா பாப்பா, அம்மா வரலியா?" என்றார். வெளியே நிற்கிறாள் என்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நான் ஒரு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். ஆத்தா, எங்கம்மா உன் மேல பொய் சத்தியம் பண்ணா. நான் பார்த்தேன். நைனாவ ஒண்ணும் பண்ணாத, தம்பிய ஒண்ணும் பண்ணாத. அம்மாவ மட்டும் சும்மா வுடாத.

இதற்காக நான் மாரியம்மனிடம் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்கிறேன். அம்மாவின் சத்தியத்துக்காக ஒருதரமும் கேட்டதில்லை. அந்தப் பாவம் கற்பூர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தவரைச் சேர்ந்தது.

வெளியே வந்தேன். அம்மா அதே இடத்தில், கோபுரத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குங்குமத்தை நீட்டினேன். அவள் நெற்றியைக் காட்டிக் குனியவில்லை. இடது கையால் அதை வாங்கித் தம்பிக்கென்று மடித்துக்கொண்டாள்.

"நைனாவுக்கு வேண்டிக்கினியா?"

"உம்."

"தம்பிக்கு?"

"உம்."

கொஞ்சம் பொறுத்து, யாரோ பெரியவர்களிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். "எனக்கு ஏதாச்சும் கேட்டியாடி?"

நான் அவள் கண்ணை நேராகப் பார்த்தேன். "கேட்டேன்" என்றேன்.

அம்மா அந்தக் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மாரோடு சேர்த்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. "என் தங்கமே, என்னால கேக்க முடியாது, நீயாச்சும் கேட்டியே" என்று என் தலைமேல் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு வரைக்கும் அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.